குடைக்கு நான் பாடிய பதினோராம் பாட்டு

எங்கள் ஊர்ப் பண்பலை வானொலியின் வரலாற்றை அதன் ஆண்டுவிழா மலரில் அச்சிட்டிருக்கிறார்கள். கஞ்சிக்கோட்டுச் சாலையில் இரும்புக்கடை மாடியொன்றில் தொடங்கியது, தமிழும் மலையாளமுமாகத் திரைப்பாடல்கள் ஒலித்தது, ஆலைத் தொழிலாளர்களுக்காக மதியத்தில் இந்திப் பாட்டுச் சேர்ந்தது எல்லாம் முறையாக இருக்கின்றன. நடுவே ஒரு வரி: "எதிர்பாராத காரணத்தால் ஒருநாள் காலை விளம்பரங்கள் ஒலிபரப்பாகவில்லை."

அந்த எதிர்பாராத காரணம் அடியேன்தான்.

என் மருமகள் கவிதா அங்கே தற்காலிக அறிவிப்பாளர். வழக்கமாகப் பக்திப்பாடல் பாடுபவருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட நாளில் என்னை அழைத்துப் போனாள்.

"மாமா, ரெண்டே ரெண்டு பாட்டுங்க. அப்புறம் குடைக்கடை ராவுத்தரோட விளம்பரம். ஏழு மணிச் செய்திக்கு முன்னால அது போயே ஆகோணுங்க."

அவள் சொன்னதில் 'பாட்டு' என்பது மட்டுமே என் செவியில் தங்கியது. நான் பாடுவதோ பதிகம். பதிகம் என்றால் பத்துப் பாட்டு; பாடுவோர் பெறும் பயனைச் சொல்லும் பதினோராம் பாட்டோடுதான் அது நிறைவுறும். நடுவில் நிறுத்துவது பூசையின் நடுவே எழுந்து போவதற்கு ஒப்பு. (பூசையின் நடுவே எழுந்து போயிருக்கிறேன். அது வேறு விஷயம், பால் பொங்கிவிட்டது.)

கண்ணாடி அறையில் என்னை அமர்த்தினார்கள். ஹெட்ஃபோன் மாட்டினால் சுருதி கேட்கவில்லை என்று அதைக் கழற்றி வைத்தேன். என் வீழ்ச்சி அங்கே தொடங்கியது.

இரண்டாம் பாட்டு முடிந்ததும் கண்ணாடிக்கு அப்பால் மேலாளர் விரலைச் சுழற்றினார். 'திருப்பிப் பாடுங்கள்' என்கிறார் போலும் என்று ஒவ்வோர் ஈற்றடியையும் இருமுறை பாடலானேன். அவர் கழுத்தைத் தொட்டு விரலால் கோடிழுத்தார். குரல்வளத்தைப் பாராட்டுகிறார்! நாணத்தோடு தலைவணங்கி மேல் காலத்துக்குத் தாவினேன். பிறகு அவர் இரு கரங்களையும் தலைக்குமேல் கூப்பினார். கண்களில் நீர். அவருக்குப் பக்தி முற்றிவிட்டது என்று மெய்சிலிர்த்து, வலக்கை உயர்த்தி ஆசி வழங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

என் குரலை அடக்க ஒரு குமிழைத் திருகினால் போதும். ஆனால் குமிழ் இருந்தது கவிதாவின் கையில்.

பத்தாம் பாட்டில் கண் திறந்தேன். கவிதா இரண்டு தாள்களைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்திருந்தாள். ஒன்று ராவுத்தரின் விளம்பரம். மற்றதில் பெரிய எழுத்தில்: 'மாமா, என் வேலை போயிரும்.'

கடிகாரம் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் இடமிருந்தது. பயன் சொல்லாமல் பதிகம் நிறைவுறாது. குடையைச் சொல்லாவிடில் மருமகள் பிழைக்கமாட்டாள். ஈசனே, பொறுத்தருள் என்று கண்ணை மூடி, அதே பண்ணில் எடுத்தேன்:

"ஓதிய பத்தும் உளங்கொள வல்லார்
ஊழெனும் பெருமழை நனையார்;
வீதியில் பெய்யும் இடவத்து மழையும்
மேனியைத் தீண்டிடக் காணார்,
மூதறி வுடைய ராவுத்தர் கடையின்
மும்மடிப் புக்குடை கொண்டால்;
ஆதலின் கம்பி வளையினும் ஓராண்டு
அதற்கவர் உத்தர வாதம்."

செய்தி தொடங்கிற்று.

மேலாளர் உள்ளே பாய்ந்தார். "சாரே, இது என்ன பணியா காட்டியது?" என்று மலையாளம் கலந்து கேட்டவர், கவிதாவிடம் திரும்பி, "நீ ஏன் கட் பண்ணல?" என்று கத்தினார்.

"மாமா பாட்டை நடுவுல அறுத்துட்டு, ஊட்டுக்குப் போயி எந்த மூஞ்சியோட அவருக்குக் காபி குடுக்கறதுங்க சார்?"

அப்போது தொலைபேசி அடித்தது. ராவுத்தர். மேலாளர் முகம் வெளிற, ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார்.

"அந்தப் பாடுன ஐயா இருக்காருங்களா? என் பேருக்கு முன்னால 'மூதறிவு'ன்னு போட்டீங்களே, அதை இன்னொருக்கா பாடுங்க. என்ர ஊட்டுக்காரி கேக்கலையாமா. நான் சொன்னா நம்பமாட்டேங்கறா!"

தொலைபேசியில் பாடினேன். அந்த அம்மையார் சிரித்த சிரிப்பில் கவிதாவின் வேலை நிரந்தரமாயிற்று. ராவுத்தர் அதையே பதிவுசெய்து தரச் சொல்லி, ஆண்டுதோறும் வைகாசியில் இறங்கும் இடவப்பாதி மழைக்கு ஒலிபரப்பச் செய்கிறார்.

விளைவை நான்தான் அனுபவிக்கிறேன். முதல் காற்றுமழை அடித்த மறுநாள், கம்பி வளைந்த குடைகளோடு ஊரார் கடைக்குப் போவதில்லை. என் வாசலுக்கு வருகிறார்கள். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் என் மனைவி உள்ளிருந்து குரல் கொடுப்பாள்:

"அப்படி வெச்சுட்டுப் போங்க. உத்தரவாதம் பூசை முடிச்சுட்டு வருமுங்க."