திவாலாகத் தகுதியற்றவர்

எங்கள் சின்ன மாவட்டமான ப்ரூவிட் கவுண்டியில் மனிதர்கள் நாலாயிரம் பேர், நெருஞ்சிக்குக் கணக்கில்லை. சாலையோரம், கல்லறைத் தோட்டம், பள்ளிக்கூட மைதானம் என்று கண்ட இடமெல்லாம் படர்ந்து டயர்களைக் குத்தும் இந்தச் செடியை ஒழிக்கவென்றே நிர்வாகம் களை அதிகாரி என்று ஒருவரை வைத்திருந்தது. அந்த வருஷம் ஏப்ரலில் களை அதிகாரி ஓய்வு பெற்றார். நெருஞ்சி ஓய்வு பெறவில்லை.

அடுத்த அதிகாரி உதவியாளர் எல்ராய் வாசிங்கர்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். எல்ராயும் நினைத்தார். இருபத்திரண்டு வருஷம் மருந்து அடித்த மனுஷன். எந்தப் பாலத்தடியில் எது முளைக்கும் என்று சொந்தப் பிள்ளைகளின் பிறந்த நாளைவிடத் துல்லியமாகச் சொல்வார். சம்பள உயர்வு இரண்டாம் பட்சம். அதிகாரியின் பிக்கப் வண்டிக் கதவில் அதிகாரியின் பெயரைப் பச்சை எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்தக் கதவை இருபத்திரண்டு வருஷம் கழுவியவருக்கு அதில் தன் பெயரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் நிர்வாகக் குழுத் தலைவர் வெர்ஜில் மார்ச் மாதம் நேர்மை பற்றிய மூன்று நாள் மாநாட்டுக்குப் போய், சாப்பாடு நன்றாக இருந்ததாகவும் கவுண்டியில் நேர்மை குறைவாக இருப்பதாகவும் தெரிந்துகொண்டு திரும்பியிருந்தார். உடனே விதி வந்தது. 'எப்பதவிக்கும் விண்ணப்பிப்பவர், தாம் ஒருபோதும் திவாலானவர் அல்லர் என்பதை நீதிமன்றப் பதிவேட்டின் வாயிலாக நிறுவக் கடவர்.' நெருஞ்சிக்கும் திவாலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாநாட்டிலிருந்து வந்த ஒன்றைக் கேள்வி கேட்பது அநாகரிகம்.

எங்கள் ஊரில் யார் திவாலானார் என்று தெரிய நீதிமன்றம் எதற்கு? காலை ஆறரைக்குத் தானியக் கிடங்கின் காபி மேசைக்குப் போனால் போதும். "ட்வேன் ஷ்மைட்லரா? எண்பத்தாறு, மார்ச்சு மாசம் மஞ்சக் கடுதாசி குடுத்தான். இந்த ஏணி அவன் ஏலத்துல எடுத்ததுதான்" என்பார்கள். எண்பத்தாறை ஒட்டிய இரண்டு வருஷத்தில் பாதி ஊர் கடனில் முழுகியது. ஒருவர் முழுகினால் மற்றவர்கள் ஏலத்துக்குப் போவார்கள். மாதா கோயில் பெண்கள் மேசை போட்டு, கறியும் முட்டைக்கோசும் அடைத்த பீராக் ரொட்டி விற்பார்கள். அடுத்த மாதம் ஏலம் எடுத்தவருடைய ஏலம். இப்படியே சுற்றிச் சுற்றி, ஊரில் ஒருவர் கொட்டகையிலும் அவரவர் சாமான் இல்லை. எல்ராய்க்கு அப்போது நிலமே கிடையாது. ஆகவே திவாலாக வழியில்லாமல் போயிற்று. ட்வேனுடைய ஏலத்தில் ஒரு மருந்து ஸ்பிரேயரை எடுத்தார். அதை வைத்துத்தான் இந்த வேலையில் சேர்ந்தார்.

அந்த ட்வேன், வெர்ஜிலின் மச்சான். அவரும் களை அதிகாரி பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். நெருஞ்சியைப் பார்த்து, "பூ நல்லா மஞ்சளா இருக்கே, தோட்டத்துல வைக்கலாமா?" என்று கேட்டவர்.

எல்ராய் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே மூன்று ஜன்னல். மூன்றுக்கும் சேர்த்து நோரீன் ஒருத்தி.

"திவால் பதிவேடு வேணும், நோரீன்."

"இது கார் ஜன்னல். அடுத்ததுக்குப் போ."

அவர் அடுத்த ஜன்னலுக்குப் போனார். நோரீனும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வணக்கம். என்ன வேணும்?"

"இப்பத்தானே சொன்னேன்!"

"அங்க சொன்ன. இங்க சொல்லணும்ல?"

சொன்னார்.

"திவாலெல்லாம் மத்திய நீதிமன்றம் எல்ராய். முன்னூறு மைல். இங்க கல்யாணம், களவு, காரு, அவ்வளவுதான்."

"நான் திவாலாகலன்னு உனக்கே தெரியுமே. நாம ஒரே வகுப்புதானே?"

"தெரியும். ஆனா எனக்குத் தெரியும்கிறதுக்கு என்கிட்ட படிவம் இல்லையே."

முன்னூறு மைல் தொலைவுக்கு போன் போட்டார். நாற்பது நிமிஷம் வயலின் கேட்டபின் ஒரு இளைஞர் வந்தார்.

"வழக்கு எண் சொல்லுங்க சார்."

"வழக்கு இல்லைங்க. அதுதான் விஷயமே. என் பேர்ல வழக்கு இல்லன்னு எழுதிக் குடுக்கணும்."

"குடுக்கலாமே. எந்த வழக்கு இல்லன்னு எழுதணும்?"

"எந்த வழக்கும்."

"அப்படி மொத்தமா முடியாது சார். எண் குடுத்தா, அந்த வழக்கு உங்களது இல்லன்னு எழுதித் தரேன். இதுவரைக்கும் ஆறு லட்சம் வழக்கு இருக்கு. ஒண்ணொண்ணா கேட்கறீங்களா?"

அந்த இளைஞர் நல்லவர். குரலைத் தாழ்த்தி வழி சொன்னார்.

"சார், உங்களுக்குன்னு ஒரு எண் இருந்தா எல்லாம் சுலபம். ஒரு திவால் மனு போடுங்க. எண் கிடைக்கும். கடன் இல்லாததால ஜட்ஜ் தள்ளுபடி பண்ணுவார். நீங்க திவால் இல்லன்னு கோர்ட்டே உத்தரவு போட்ட மாதிரி ஆயிடும். அதைவிட நல்ல ஆதாரம் ஏது?"

கேட்கும்போது இது சரியாகத்தான் பட்டது. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி ஆல்வினாவுக்கு அப்படிப் படவில்லை.

"குளிக்கலன்னு காட்ட கிணத்துல குதிக்கிறியாய்யா?"

"குதிச்சா உடனே தூக்கிடுவாங்களாம்."

மனு போட்டார். ஐந்து வாரத்தில் விசாரணை. நீதிபதி கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"கடன் எவ்வளவு?"

"இல்லைங்கய்யா."

"ஒண்ணுமே இல்லையா? வண்டிக்கு? வீட்டுக்கு?"

"எல்லாம் கட்டியாச்சுங்க."

நீதிபதி இருபது வருஷப் பணிக்காலத்தில் இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. நீதிமன்றத்தின் நேரத்தை வீணாக்கியதற்காகக் கடிந்துகொண்டு, 'மனுதாரர் திவாலாகத் தகுதியற்றவர்' என்று உத்தரவிட்டார். எல்ராய் அந்தக் காகிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு முன்னூறு மைல் ஓட்டி வந்தார். வழியெல்லாம் சந்தோஷம்.

வெர்ஜில் அதை இரண்டு தரம் படித்தார்.

"தகுதியற்றவர்னு போட்டிருக்கே, எல்ராய்."

"திவாலாகத் தகுதியற்றவர்ங்க."

"எதுக்கானா என்னய்யா? கோர்ட்டே தகுதியில்லன்னு சொன்ன ஆளுக்கு நான் பதவி குடுத்தா பத்திரிகைக்காரன் சும்மா விடுவானா?"

எல்ராய்க்கு நிஜமாகவே கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் கடிதம் எழுதுவார். பெயரைச் சொன்னால் தேடித் தரக்கூட உங்களுக்குத் துப்பில்லையா என்று மத்திய நீதிமன்றத்துக்கு நாலு பக்கம் எழுதினார். உலகில் நடக்காதது நடந்தது: அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். மூன்றே மாதத்தில் பெயர் போட்டுத் தேடும் வசதி வந்தது. நன்றி தெரிவித்து எல்ராய்க்கு ஒரு பேனாவும் வந்தது. புது இயந்திரத்துக்கு இடம் வேண்டுமென்று இருபது வருஷத்துக்கு முந்திய கோப்புகளுக்கு 'ஓய்வு' கொடுத்திருந்தார்கள், அதாவது அரைத்துக் கூழாக்கியிருந்தார்கள்.

ட்வேன் தன் பெயரைப் போட்டுப் பார்த்தார். பதிவு இல்லை. வெர்ஜில் போட்டார். பதிவு இல்லை. காபி மேசை மொத்தமும் போட்டது. ஒருவர் பெயரிலும் பதிவு இல்லை. எல்ராய் வாசிங்கர்: பதிவு ஒன்று.

அதன்பிறகு 'பதிவு இல்லை' என்று நீதிமன்றம் தரும் சான்றிதழ் மேல் ஊருக்கு மோகம் பிடித்தது பாருங்கள்! கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். நகல் எடுத்துப் பிக்கப் கண்ணாடியில் ஒட்டினார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே 'பதிவு இல்லாதவர்' என்று போட்டார்கள். காபி மேசையில் எல்ராய் உட்கார்ந்தால் பேச்சு மழையைப் பற்றி மாறியது. மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்ராய் வீட்டு வாசலில் நாற்பது பிக்கப் வண்டிகள் நின்றன. மாதா கோயில் பெண்கள் மேசை விரித்து பீராக்கை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆல்வினா ஓடி வந்தாள்.

"என்னய்யா, நம்ம வீட்டு ஏலத்த எனக்குச் சொல்லவே இல்ல?"

வாரப் பத்திரிகையில் ஐந்தாறு மாதம் தாமதமாக நீதிமன்றச் செய்தி வந்திருந்தது: 'எல்ராய் வாசிங்கர், திவால் மனு.' புது மனுக்களைப் போட மட்டும்தான் அந்தப் பத்தி. தள்ளுபடியைப் போட அதில் இடம் கிடையாது.

வெர்ஜில் தோளில் கை போட்டார். "மனசு தளராத. எங்களுக்கெல்லாம் இந்த அனுபவம் இல்ல. இருந்தாலும் உன் கஷ்டம் புரியுது."

எண்பத்தாறில் வெர்ஜில் தன் வீட்டு ஏலத்தில் அழுதுகொண்டு நின்றதை எல்ராய் பார்த்திருக்கிறார். கைக்குட்டை கொடுத்ததே அவர்தான்.

அதற்குள் ட்வேன் கொட்டகையில் நுழைந்து ஸ்பிரேயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது தேவலாம். எவ்வளவுக்கு விடுவ?"

"உன்னுதுதான் ட்வேன். எடுத்துக்கோ."

"என்னுதா? நீ என் ஏலத்துல எடுத்ததாச்சே."

"எந்த ஏலம்?" என்றார் எல்ராய்.

ட்வேன் வாயைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"உன் பேர்ல பதிவே இல்லையேப்பா. திவாலாகாதவன் வீட்ல ஏலம் எப்படி நடக்கும்? அப்ப இது திருட்டுச் சாமான்தானே? எனக்கு வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போ. வெர்ஜில், உங்க வீட்டு பியானோ நோரீனோட அம்மாது. டிராக்டர் யாருதுன்னு உங்களுக்கே தெரியும். ஆல்வினா, அந்தப் பேனாவக் கொண்டா. யார் யாருக்கு எதைத் திருப்பணும்னு எழுதிடலாம்."

நாற்பது பேரும் மனசுக்குள் தங்கள் கொட்டகையைத் திறந்து பார்த்தார்கள். நோரீன் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "அந்த பியானோ எனக்கு வேணும்தான்."

அவ்வளவுதான். வெர்ஜில் அங்கே நின்ற ஒரு டிரெய்லர் மேல் ஏறிவிட்டார்.

"ஏலமெல்லாம் நிஜமா நடந்ததுதான்! நான் திவாலானவன்! எண்பத்தாறு, மே மாசம்! எல்லாருக்கும் தெரியும்!"

"நான் ஜனவரியிலேயே ஆனவன்!" என்றார் ஒருவர். "நாங்க குடும்பத்தோட!" என்றார் இன்னொருவர். சான்றிதழ்கள் கண்ணாடியிலிருந்து கிழிபட்டன. பீராக் பதினைந்து நிமிஷத்தில் தீர்ந்தது. அன்று ராத்திரி எல்ராய் நிம்மதியாகத் தூங்கினார்; கதவில் பச்சை எழுத்து கனவில்கூட வந்தது.

திங்கட்கிழமை குழு கூடி விதியைத் திருத்தியது. 'துன்பம் அறிந்தவரே மக்கள் பணிக்கு உரியர். ஆகவே விண்ணப்பிப்பவர் தாம் திவாலானவர் என்பதை நீதிமன்றப் பதிவேட்டின் வாயிலாக நிறுவக் கடவர்.'

பழைய கோப்பெல்லாம் கூழ். முன்னூறு மைல் தள்ளியிருந்த இளைஞர் அதே யோசனையைச் சொன்னார்: புதிதாக மனு போடுங்கள். எப்படிப் போடுவது என்று ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். எல்ராய் வாசலில் வரிசை நின்றது. அவர் சளைக்காமல் எழுதிக் கொடுத்தார். ட்வேன் மனுவையும் அவரே, நீதிமன்றம் கொடுத்த பேனாவாலேயே எழுதினார். ட்வேனுக்குக் கடனுக்குப் பஞ்சமில்லை; மனு முதல் விசாரணையிலேயே ஏற்கப்பட்டது.

எல்ராயும் தன் உத்தரவை எடுத்துக்கொண்டு போனார். வெர்ஜில் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"திவாலாகத் தகுதியற்றவர்னு கோர்ட்டே சொல்லிடுச்சே. நான் என்ன பண்ணட்டும்?"

ட்வேனுக்கு உத்தரவு வந்த ஒன்பதாம் நாள் எல்ராய் பிக்கப் கதவில் பச்சை பெயிண்ட்டால் 'ட்வேன் ஷ்மைட்லர், களை அதிகாரி' என்று எழுதினார். நல்ல கையெழுத்து அவருக்கு. காய்ந்ததும் ஸ்பிரேயரை இழுத்துக்கொண்டு வந்து வண்டியில் மாட்டப் போனார். புதிய அதிகாரி அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது என்னுது மாதிரி இருக்கே, எல்ராய்?"

"உன்னுதுதான். ஏலத்துல எடுத்தேன்."

ட்வேன் சட்டைப் பையிலிருந்து திவால் உத்தரவை எடுத்துப் பிரித்தார். அதன் தேதி போன வாரம். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன் நடந்த ஏலம் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

"எந்த ஏலம்?" என்றார்.