எந்தூரு அண்ணன் சொன்ன ஒரே பொய்

கணவரிடம் ஓர் உண்மையைச் சொல்லாமல் இருப்பது பொய்க் கணக்கில் சேருமா, சேராதா? மூன்று வாரமாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை. மகளுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும் முன் பாட்டில் லேபிளை மூன்று முறை படிக்கிறவள் நான். அப்படிப்பட்டவளை இதில் மாட்டிவிட்டவர், பூமியிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே மனிதரான எந்தூரு அண்ணன்.

கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கடைக்குள் யார் தலையை நீட்டினாலும் "எந்தூரு? யாரு வீடு?" என்பார். பதில் வந்த பிறகுதான் "வாங்க". கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போனில் கேட்ட பெண்ணைக்கூட விடவில்லை. பத்தாவது நிமிடத்தில் அவள் கறம்பக்குடிக்காரி என்றும், அண்ணனுடைய அத்தைக்குச் சம்பந்தி வீடு என்றும் தெரிந்தது. அவளுடைய வளைகாப்புக்குத் தட்டு எடுத்துப் போய்வந்தார்.

பஸ்ஸில் போர்டைப் பார்த்து ஏறவே மாட்டார். "போர்ட யாரு வேணா மாட்டலாம் தங்கச்சி. டிரைவரு வாயால சொல்லணும்." ஒருநாள் புதுக்கோட்டை போர்டு போட்ட பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டோம். அண்ணன் மட்டும் டிரைவர் பக்கம் போய் நின்றார்.

"எங்கிட்டு?"

"தஞ்சாவூருண்ணே. போர்ட மாத்த மறந்துட்டேன்."

அத்தனை பேரும் இறங்கினோம். அண்ணன் மீசையை நீவிக்கொண்டார்.

மெஷின் விஷயத்திலும் இதே கொள்கைதான். திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு எண்கள் உண்டாம். ஒன்று எந்தக் கம்பெனி என்று சொல்லும், மற்றது எந்த மாடல் என்று சொல்லும். அண்ணன் கணக்கில் முதலாவது ஊர், இரண்டாவது வீடு. கம்ப்யூட்டர் இரண்டையும் கேட்டுத்தான், அந்தக் கார்டை ஓட்டுவதற்கு உரிய மென்பொருளான டிரைவரைத் தேர்ந்தெடுக்குமாம். "மேல ஒட்டுன ஸ்டிக்கர நம்பக் கூடாது. அது வாயால சொல்லணும்."

பிரசவத்துக்குப் பிறகு நான் வீட்டிலிருந்தே பேனர் டிசைன் செய்ய ஆரம்பித்தேன். என் கணவர் திருச்சியில் யாரிடமோ பழைய கார்டு ஒன்றை வாங்கி வந்தார். "பெரிய கார்டு. ஒனக்காகவே தேடிப் புடிச்சேன்" என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு, வெறும் பெட்டியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

மாட்டினோம். ஒரு காதணி விழா பேனரைத் திறந்தேன். தாய்மாமன் முகம் பச்சையாகி, நான்கு துண்டாகி, திரை இருண்டது. மறுநாள் பேனர் அச்சுக்குப் போக வேண்டும்.

"அண்ணன்கிட்டக் காட்டு" என்று சொல்லிவிட்டுக் கணவர் வேலைக்குக் கிளம்பியதும், இடுப்பில் மகள், ஆட்டோவில் மெஷின் என்று அண்ணன் கடைக்கு ஓடினேன். அண்ணன் கார்டின் எண்களைக் கேட்டார். அது பெரிய கார்டு என்றுதான் சொன்னது. அதற்குரிய டிரைவரைப் போட்டார். தாய்மாமன் மறுபடி பச்சை.

அண்ணன் முகம் வாடிவிட்டது. "சொல்லுது. ஆனா நெசத்தச் சொல்லல தங்கச்சி."

கார்டின் விசிறியைக் கழற்றி, உள்ளே இருந்த சிப்பைத் துடைத்து, அதில் பொறித்திருந்த எழுத்தை லென்ஸ் வைத்துப் படித்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னண்ணே?"

"சின்ன கார்டு. ரொம்பப் பழசு. எவனோ இதோட நம்பர அழிச்சுட்டு, பெரிய கார்டு நம்பர எழுதி வச்சுருக்கான். இது பாவம், சொல்லிக் குடுத்ததச் சொல்லுது. கம்ப்யூட்டரும் நம்பிப் பெரிய டிரைவரக் குடுக்குது. கன்னுக்குட்டியக் கொண்டாந்து கரும்பு வண்டில பூட்டுன மாதிரி. தாங்குமா?"

அதன் சொந்த எண்ணைத் தேடி எடுத்து உள்ளே எழுதினார். பிறகு மெஷினுக்கு முன்னால் குனிந்து, சத்தமாகவே, "எந்தூரு? யாரு வீடு?" என்றார். இந்த முறை சின்ன டிரைவர் வந்து உட்கார்ந்தது. தாய்மாமன் மாநிறத்துக்குத் திரும்பினார். மகள் கைதட்டினாள்.

அந்த நேரம் பார்த்துக் கணவரிடமிருந்து போன். பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"அங்கதான் இருக்கியா? அண்ணே, நம்ம கார்டு எப்டி? பெரிய எடமுல்ல!"

ஸ்பீக்கரை அணைக்கப் பொத்தானைத் தேடினேன். சொந்த அக்கா மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடமே "புள்ளைக்குக் கோவம் சாஸ்தி" என்று சொன்ன மனிதர் அண்ணன்.

அண்ணன் கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"நல்ல எடம் தம்பி. நல்லா வெசாரிச்சுட்டேன்."

போனை வைத்ததும் ஒரு சொம்பு தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார்.

அதோடு முடிந்திருந்தால் வாசகர்களான உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். அண்ணன் வாக்கை நம்பி, என் கணவர் தன் தம்பிக்கும் அதே திருச்சி ஆளிடம் இன்னொரு கார்டு சொல்லி வைத்திருக்கிறார். அடுத்த மாதம் போய் வாங்கப் போகிறார். சொன்னால் அவர் முகம் இருண்டுவிடும். சொல்லாவிட்டால் கொழுந்தன் திரை இருண்டுவிடும்.

என்ன செய்யட்டும்? எழுதுங்கள். என் கணவர் இந்தப் பத்திரிகையில் ராசிபலன் மட்டும்தான் படிப்பார். ஆசிரியர் தயவுசெய்து இதை அதற்கு எதிர்ப்பக்கத்தில் போட வேண்டாம். எந்தூரு அண்ணனிடமே யோசனை கேட்கலாம்தான். கேட்டால் எனக்காக இன்னொரு பொய்யும் சொல்லிவிடுவார் என்றுதான் பயமாக இருக்கிறது.