காகம் நுழைய மறுத்த வேப்பமரம்

தொலைக்காட்சியில் வரும் தோட்டக்கலை நிகழ்ச்சிகளால் சாதாரண மனிதர்களுக்குப் பயன் உண்டா என்று யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. எனக்குப் பதிலாக என் மனைவி பதில் சொல்லிவிடுவாள். சம்பவம் நடந்தபோது அவள் வேறு ஊரில், மூவாரில், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள். இருந்தாலும் பக்கத்தில் நின்று பார்த்தவளைப் போலச் சொல்வாள். (சில இடங்களை என்னைவிட நன்றாகவே சொல்வாள்.) குற்றவாளியின் வாக்குமூலமும் ஒரு பக்கம் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துச் சில வருடங்கள் கழித்துத்தான் எங்களுக்குத் தொலைக்காட்சி வந்தது. எங்களுக்கு என்றால் எங்கள் சந்தில் இருந்த மாக் லெட்சுமிக்கு. (மாக் என்றால் மலாயில் அம்மா.) மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் எங்கள் சந்துக்கே ஒரு பெட்டிதான், அது அவர் வீட்டு ஹாலில் இருந்தது. மாக் லெட்சுமி மலாக்கா செட்டி வம்சம். சாமி எங்கள் சாமிதான், நெற்றியில் திருநீறும் உண்டு, பேச்சு மட்டும் மலாய். மாலையானால் சந்தில் உள்ளவர்களின் செருப்பெல்லாம் அவர் வாசலில்தான் கிடக்கும்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. வாரம் ஒரு முறை இங்கிலாந்திலிருந்து வந்த தோட்டக்கலை நிகழ்ச்சி ஒன்றைக் காட்டினார்கள். மற்றவர்கள் எழுந்து சாப்பிடப் போய்விடுவார்கள். நானும் மாக் லெட்சுமியும் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருப்போம்.

கம்பளிக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்ட ஒரு பெரியவர் வருவார். பேசும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து புகை வரும். சுருட்டை எந்தக் கையில் மறைத்து வைத்திருக்கிறார் என்று இரண்டு வாரம் தேடினேன். ஒரு நாள் அவர் ஒரு ஆப்பிள் மரத்தின் கிளைகளைக் கழித்துக் காட்டினார். அந்த மரத்தில் முதலிலிருந்தே ஓர் இலைகூட இல்லை. நல்ல தோட்டக்காரர் வீட்டு மரம் அப்படித்தான் சுத்தமாக இருக்கும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நடுக்கிளைகளை எடுத்துவிட வேண்டுமாம். ஒரு பறவை சிறகு உரசாமல் மரத்தின் நடுவே பறந்து போக வேண்டுமாம், அதுதான் அளவாம். வெட்டியதை அன்றைக்கே எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நோய் பரவும் என்றார். வசந்தம் வந்ததும் எப்படித் துளிர்க்கிறது பாருங்கள் என்றும் சொன்னார்.

அடுத்த வாரம் பார்த்தோம். அதே மரம் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. ஆக, ஒரு வாரம் போதும் என்று நான் கணக்குப் போட்டேன்.

இங்கே எங்கள் வேப்பமரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலாக்காவில் வேப்பமரம் தேடினால்தான் கிடைக்கும். எங்கள் வீட்டுப் பின்புறம் நின்றது கூரையைத் தாண்டி வளர்ந்த மரம். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அங்கிருந்துதான் தழை போகும். அந்த வருடம் அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. முந்தைய வருடம் எனக்கு அம்மை போட்டிருந்தது. அந்த மரத்துத் தழையில்தான் என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். நான் எழுந்து நடமாடினால் திருவிழாவில் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வருவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் வேப்பிலையாகவே சுற்றிக் கட்ட வேண்டும். தழை கொஞ்சநஞ்சம் போதாது.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. மரத்தில் முற்றிய தழையாக இருந்தது. என் உயிருக்காகக் கட்டப்போகும் சேலை இளந்தளிரில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. (நீதிபதி அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.)

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா பஸ் கம்பெனியில் மெக்கானிக், ஓவர்டைம் பார்க்கப் போயிருந்தார். அம்மா பாசாரில் காய்கறி வாங்கிவிட்டு அப்படியே கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். இங்கிலாந்துப் பெரியவர் கையில் இருந்தது சிறிய கத்தரி, அவருடைய மரம் அவர் தோள் உயரம். என் கையில் பாராங் கத்தி, என் மரம் வீட்டைவிட உயரம். அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

நடுக்கிளைகள் நாலைந்தை வெட்டிவிட்டு இறங்கி வந்து பறவைக்காகக் காத்திருந்தேன். மதில்மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. கையைத் தட்டி விரட்டினேன். அது மரத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கூரையில் உட்கார்ந்தது. இடம் போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி ஏறினேன். வெட்டினேன், இறங்கினேன், விரட்டினேன். காகம் இந்த முறையும் சுற்றித்தான் போனது. இப்படி ஆறேழு தடவை. நடுவில் ஒரு கூடும் கீழே விழுந்தது. (காலிக் கூடு. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.) கடைசியில் மரத்தில் மூன்று கொம்புகளும் நானும்தான் மிச்சம். அப்போதுதான் காகம் வந்தது. நேராக, சிறகு எதிலும் உரசாமல், மரத்தின் நடுவே பறந்து வந்து என் உச்சந்தலையில் கொத்தியது. அளவு சரியாக இருந்தது.

அடுத்த வேலை எரிப்பது. பச்சைத் தழை லேசில் பற்றுமா? மண்ணெண்ணெய் ஊற்றினேன். புகை சந்து முழுவதும் பரவியது. கொடியில் காய்ந்த துணிகளை ஆளாளுக்கு இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். (இரண்டு நாள் எங்கள் சந்தில் கொசுவே இல்லை. இதை யாரும் சொல்வதில்லை.) மாக் லெட்சுமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"போக்கோ சாகிட் கா?" என்று கேட்டார். மரத்துக்குச் சீக்கா என்று அர்த்தம்.

தொலைக்காட்சியில் பார்த்ததை எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். நீங்களும்தானே வாராவாரம் பார்க்கிறீர்கள், உங்கள் தோட்டத்தில் ஏன் எதையும் செய்வதில்லை என்றும் கேட்டுவைத்தேன். அவர் தோட்டத்தில் வாசனைப் பாண்டான் செடியும் மல்லிகையும் கால் வைக்க இடமில்லாமல் மண்டிக் கிடக்கும்.

"நான் தோட்டத்துக்காகவா பார்க்கிறேன்?" என்றார் மலாயில். "அந்தப் பெரியவர் குளிரில் நின்று கஷ்டப்படுகிறார். வாயிலிருந்து ஆவி வருகிறது. பாவமாக இருக்கிறது. அதற்காகப் பார்க்கிறேன்."

சுருட்டு விஷயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பாசார் கூடையோடு அம்மா வந்தாள். பின்கட்டில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டேய் சேகரு, மரம் எங்கடா?"

"அதான் நிக்கிதேம்மா."

"நான் மரத்தக் கேக்குறேன்."

"ஒரே வாரத்துல தளதளன்னு துளிர்த்துரும்மா. டீவில காட்டுனாங்க."

"வெட்டுன தழை எங்க?"

நான் சாம்பலைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஒன் உசுருக்காக வேண்டிக்கிட்டதுடா" என்றாள். அம்மை போட்டுக் கிடந்தபோதுகூட நான் அவ்வளவு சங்கடப்பட்டதில்லை.

அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு மரத்தை ஒரு முறை சுற்றி வந்தார்.

"டீவில வந்த ஆளு எந்த ஊரு?"

"இங்கிலாந்துப்பா."

"அவங்கள அனுப்பி வச்சு எத்தன வருஷமாச்சு? இன்னும் அவங்க சொல்லுறாங்கன்னு நம்ம மரத்த வெட்டிக்கிட்டு இருக்கியா?"

பத்தாம் நாள் சின்னச் சின்னதாகச் செந்தளிர் விட்டது. அதில் ஒரு கைக்குட்டைகூடத் தேறாது. அப்பா தீர்ப்புச் சொன்னார். ஊரில் வேப்பமரம் உள்ள வீடுகளுக்கெல்லாம் நானே போய்த் தழை கேட்க வேண்டும். காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். "சாமி காரியம். பொய் சொல்லாத" என்றார்.

காரணம் கேட்காத வீடே இல்லை. எங்கள் வீட்டு மரம்தான் ஊருக்கே தெரியுமே! தெங்கேராவில் ஓர் அம்மாள் நான் சொல்லி முடித்ததும் உள்ளே திரும்பி வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தக் காக்கா எடத்துலேர்ந்து இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். இரண்டு கிளை கூடுதலாகக் கிடைத்தது. பண்டார் ஹிலிருக்கு நான் போய்ச் சேருவதற்குள் கதை போய்ச் சேர்ந்திருந்தது. கேட்டைத் திறந்தவர், "நீதான் அந்தக் காக்கா தம்பியா? உள்ள வா லா" என்றார். காபியும் கொடுத்தார்.

திருவிழாவன்று பதினோரு வீட்டுத் தழையில் அம்மா சேலை கட்டினாள். ஒவ்வொரு வீட்டு இலையும் ஒவ்வொரு பச்சை. ஈரத்தலையோடு மூன்று சுற்று வந்தாள். நான் தண்ணீர்ச் செம்போடு பின்னால் நடந்தேன். பார்த்தவர்கள் அம்மாவைக் கும்பிட்டார்கள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கம் பாதி, எப்படியோ நடந்துவிட்டதே என்ற நிம்மதி பாதி. சன்னதியில் அம்மா வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள்.

"அதான் வேண்டுதல முடிச்சுட்டியேம்மா. இன்னும் என்னா வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன்.

"ஒனக்குப் புத்தி வரணும்னு. வந்துச்சுன்னா இன்னொரு வாட்டி வேப்பஞ்சேலை கட்டுறேன்னு."

மரம் பிழைத்தது. பிழைத்தது மட்டுமில்லை, மேலே போகாமல் பக்கவாட்டில் அடர்ந்து தழைத்தது. அடுத்த வருடத்திலிருந்து ஏணி இல்லாமல், தரையில் நின்றபடியே திருவிழாத் தழையை ஒடிக்க முடிந்தது. அந்த இங்கிலாந்துப் பெரியவருக்கு இதில் பங்கு உண்டென்று நான் இன்றும் நினைக்கிறேன். அப்பா பல வருடம் கழித்து ஒரே ஒரு முறை, "கைக்கு எட்டுது" என்றார். பாராட்டு அவ்வளவுதான். அந்தக் காகம் மட்டும் சமாதானம் ஆகவில்லை. கொஞ்ச காலம் நான் வெயிலில்லாத நேரத்திலும் குடை பிடித்துத்தான் பின்கட்டுக்குப் போனேன்.

அதன் பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், அலுவலகத்தில் தனி அறை கொடுத்தார்கள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் நான் அம்மாவிடம் கேட்பேன், "இந்த வருஷமாவது கட்டுவியாம்மா?" அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் பாப்போம்" என்பாள். எண்பத்தாறு வயது வரை இருந்தாள். இரண்டாவது வேப்பஞ்சேலையை அவள் கட்டவே இல்லை.

போன வாரம் டீவியில் ஒருவர் தக்காளிச் செடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வளர்ப்பதைக் காட்டினார். நான் வாளியில் ஓட்டை போட ஆணி தேடிக்கொண்டிருந்தேன். மனைவி என் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பிறகு அம்மாவின் படத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இந்த வருஷமும் இல்ல, அத்தை."