தகரம் அண்ணன் சத்தம் போடாத ஒரே சங்கதி

தகரம் அண்ணே, உன்னைப்போல வெட்கம் கெட்ட மனுஷன் போடியிலும் இல்லை, மேலே மலையிலும் இல்லை.

என் கூடப் பிறந்தவர்; நான் தங்கச்சி. போடிமெட்டு ஏறும் ஜீப்பில் கிளீனர். தகரத்தைக் கல்லில் இழுத்தாற்போல ஒரு குரல். "மெட்டு, மெட்டு, வெரசா ஏறு!" என்று அவர் கத்தினால் குரங்கணிக்குப் போக வந்தவர்கள்கூடப் பயந்து ஏறிவிடுவார்கள்.

இருபத்தைந்து வயதில் அவருக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. ஏலக்காட்டில் புதர் மறைவில் குத்தவைத்து எழுந்தால் யார் காலிலும் அட்டை தொங்கும், துணியில் ரத்தம் இருக்கும். உப்பைத் தடவிவிட்டுப் போய்விடுவோம். அண்ணனும் ஒரு வருஷமாக அட்டையைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். உடம்பு வற்றி, வயிறு வீங்கிய பிறகுதான் மதுரைக்குப் போனோம். குடலில் புற்று என்றார் டாக்டர். முந்தியே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாமாம். இப்போது பரவிவிட்டதாம்.

வேறு யாராவது என்றால் மூலையில் படுத்திருப்பார்கள். இவர் மறுநாளே ஜீப்பு ஸ்டாண்டில் நின்று, "ஏப்பா, வெளிக்குப் போறப்ப எவனுக்காச்சும் ரத்தம் வருதா? அட்டைன்னு இருந்துறாதீக. என்னையப் பாருங்க!" என்று கத்தினார். பொம்பளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

டீக்கடையில் கேட்டபோது கடைக்காரர் கரண்டியை ஓங்கினார். "டேய், மனுசன் இட்லி திங்கிற நேரத்துல என்னடா பேச்சு இது?"

"உள்ள போறதைத்தான் பாக்குறீக அண்ணே. வெளிய போறதை எவன் பாக்குறான்?"

வைகாசியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை முருகேசு, எஸ்டேட்டில் வேலை செய்யும் பையன். அவன் தாலி கட்டிய கையோடு, "மாப்ளே, நல்லாரு. வெளிக்குப் போறப்ப எப்படி?" என்று சபையிலேயே கேட்டார் அண்ணன். பெண்ணின் அப்பா செருப்பைத் தேடினார்.

பந்தி நேரத்தில் முருகேசு அண்ணனைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டான். அண்ணனால் தனியாக நடக்க முடியாது. தாங்கிப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

"அண்ணே, எனக்கும் பங்குனியில இருந்து வருது. அட்டைன்னுதான் இருந்தேன்."

"காஞ்ச பங்குனியில ஏதுடா அட்டை? மதுரைக்குக் கிளம்பு."

"கையில இருந்ததெல்லாம் கல்யாணத்துக்குப் போச்சு. மாமாவுக்குத் தெரிஞ்சா பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவாரு. செத்தாலும் சொல்ல மாட்டேண்ணே."

அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நேரே பந்திக்குப் போய்த் துண்டை நடுவில் விரித்தார். "எனக்கு வைத்தியத்துக்குக் காசு வேணும். போடுங்க!"

"டாக்டரே கைவிட்டுட்டாருன்னு நீதானப்பா ஊரெல்லாம் கத்துன?" என்றார் பெண்ணின் அப்பா.

"சித்தப்பு, சாகப்போறவனுக்கு ஆசை விடுமா?"

"வெக்கமே கிடையாதாடா ஒனக்கு?"

"இருந்தா ஒங்க வீட்டுப் பந்தியில துண்டை விரிப்பேனா?"

சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் போட்டார்கள். விடிந்ததும் அந்தக் காசு முடிச்சு முருகேசு கைக்குப் போனது. பெண்டாட்டியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனான். ஊருக்கு வேறு ஏதோ சோலி என்று சொல்லிவிட்டான்.

இங்கே அண்ணனைக் காறித் துப்பாத வாய் இல்லை. வாங்கிய காசைத் தின்றே தீர்த்துவிட்டான் என்றார்கள். எல்லாவற்றையும் கத்தித் தீர்த்த மனுஷன் இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. "தாயி, நீயும் மூச்சு விடக்கூடாது" என்று என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஆடிச் சாரலில் போய்ச் சேர்ந்தார். வாசலில் பாடை கட்டும்போதுகூட, "அம்புட்டுக் காசும் என்னாச்சோ?" என்றார் பெண்ணின் அப்பா. அப்போதுதான் பெண்டாட்டி தோளைப் பிடித்தபடி முருகேசு வந்து நின்றான். சட்டையைத் தூக்கினான். வயிற்றில் நெடுக்கத் தையல்.

"இந்தா இருக்கு மாமா, காசு."

பெரியவர் போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தார்.

இப்போது முருகேசும் நானும் எஸ்டேட் லயங்களில் வீடு வீடாகப் போய், அண்ணன் கேட்டதையே கேட்கிறோம். வெட்கப்பட்டு ஒளிக்கும் வயசுப் பிள்ளைகளை மதுரைக்கு அனுப்ப ஊரே காசு போடுகிறது.

அண்ணனுக்குக் கடைசியில் கஞ்சித் தண்ணிகூட இறங்கவில்லை. பசியோடுதான் போனார். அங்கேயாவது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, வலியில்லாமல் அவர் தூங்க வேண்டும் என்று, இதைப் படிக்கிற எல்லாரும் உங்கள் சாமியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.