ஆன்ட்பிட்டாவுக்கு இடியாப்பம்

வளைகுடாவில் லீவு கேட்கப் போகிறவனுக்கு, மேனேஜருக்குப் பிடித்ததெல்லாம் தானாகவே பிடித்துவிடும். எனக்குப் பறவைகள் பிடித்துப்போனது அப்படித்தான். அதுவரை ஷார்ஜா முவைலாவில் எங்கள் ஃபிளாட் பால்கனியை நாசம் செய்யும் புறாக்களோடு மட்டும்தான் எனக்குப் பழக்கம், அதுவும் சண்டைப் பழக்கம்.

மச்சினிக்குக் கல்யாணம். "லீவு வாங்காம வீட்டுக்குள்ள வராதீங்க" என்று மனைவி கலா சொல்லிவிட்டாள். மேனேஜர் பழனிசாமி சார் கோயம்புத்தூர்க்காரர். லீவு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விடுமுறை நாளானால் பைனாகுலரும் கழுத்துமாகத் திரிவார். அவரிடம் போய்க் கல்யாணத்துக்கு லீவு கேட்டுவிட்டு, அவர் முகம் திரும்புவதற்குள், "எனக்கும் பறவைன்னா உயிரு சார். அதுலயும் ஆன்ட்பிட்டான்னா..." என்று இழுத்தேன். (முந்தைய நாள் இணையத்தில் பார்த்த பெயர். அவித்த முட்டைக்குக் குச்சிக்கால் வைத்ததுபோல இருக்கும். தென் அமெரிக்கக் காட்டுப் புதருக்குள்ளேயே ஒளிந்து வாழுமாம். துபாயில் யார் பார்த்திருக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.)

சார் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இங்கயே இருக்குதுங்க! மாலுக்குள்ள கண்ணாடிக் காடு கட்டியிருக்காங்களே, அங்க ஒண்ணு இருக்குது. எத்தனையோ தடவை போயிட்டேன். குரல்தான் கேக்குது, ஆளு சிக்க மாட்டேங்குது. சனிக்கிழமை வாங்க. அதை மட்டும் காட்டிட்டீங்கன்னா, லீவு என்னங்க லீவு!"

செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அந்தக் காட்டுக்குள் ஒரு புதருக்கு முன்னால் இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். வேர்த்து ஊற்றியது. உள்ளேயிருந்து மெல்லிய விசில் கேட்டது, பறவை வரவில்லை.

"அது என்னங்க சாப்பிடும்?" என்றார் சார், நிபுணரிடம் கேட்பதுபோல.

"மண்புழு சார்."

சொன்ன கையோடு, கலா பையில் கட்டிக்கொடுத்த இடியாப்பம் ஞாபகம் வந்தது. (என் மூளையை என்னவென்று சொல்ல!) பிய்த்துத் தரையில் தூவினேன். ஓர் இழையைப் பிடித்து, நெளிகிற மாதிரி ஆட்டியும் காட்டினேன்.

நம்பமாட்டீர்கள், வந்தது! தத்தித் தத்தி வந்து, விறைப்பாக நின்று, ஓர் இழையைக் கொத்தியது. சார் கேமராவைத் தூக்கினார். பறவை ஒரு கணம் யோசித்தது. பிறகு தூவென்று துப்பியது.

"பாய்! யே க்யா ஹை? ஃபுட் மாஃபி! யல்லா, பாஹர்!" என்று பின்னாலிருந்து காவலாளி இந்தியும் அரபியும் கலந்து கத்தினார். இங்கே சாப்பாடு கூடாது, வெளியே போங்கள் என்று அர்த்தம். பறவை புதருக்குள் போய்விட்டது, நாங்கள் வெளியே வந்துவிட்டோம். சாரின் கேமராவில் இருந்தது இடியாப்பம் மட்டுமே.

காரில் திரும்பினோம். ஷார்ஜா வந்ததும் சார் மெல்லக் கேட்டார்.

"கல்யாணம் எப்பங்க?"

"அடுத்த மாசம் சார்."

"நாளைக்கே கெளம்புங்க. நீங்க ஊர்ல இருந்தாத்தான் நான் அந்தப் பறவையை நிம்மதியாப் பாக்க முடியும்."

கல்யாண வீட்டில் இந்தக் கதையைச் சொல்லி எல்லாரையும் வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தேன். அந்த உற்சாகத்தில், பறவை துப்பியதையும் சொல்லித் தொலைத்தேன். கலா மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இடியாப்பம் கிடையாது.

மாமியார் வீட்டுக்குப் போனால்தான் கிடைக்கிறது. அங்கே மச்சினி, தட்டோடு வந்து நின்று, இன்றுவரை தவறாமல் கேட்கிறாள்: "மாமா, தட்டுல வைக்கவா, தரையில தூவவா?"