மின்னல் சாமியின் ரப்பர் செருப்பு

எதிர்வீட்டுத் துணி துவைக்கும் மெஷினுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லார் மேலும் இல்லை. அந்த வீட்டு மருமகள் மேல் மட்டும். மகன் தொட்டால் சும்மா இருக்கும். மாமியார் தொட்டாலும் சும்மா இருக்கும். மருமகள் தொட்டால் சுரீரென்று உதறும். கடையில் வாங்கிய மெஷினுக்கு ஆள் தரம் பார்க்கத் தெரிகிறதே என்று தெருவே வாயைப் பிளந்தது.

வாய் பிளந்து கிடக்கும் இடத்துக்கு வந்து சேர ஒருவர் இருப்பாரே, வந்துவிட்டார் மின்னல் சாமி. மோட்டார், மிக்ஸி, ஃப்ரிட்ஜ், எதற்குள் பேய் இருந்தாலும் ஓட்டுவாராம். வாசல் கொள்ளாத கூட்டம். படித்தவர்கள் எல்லாம் முன்வரிசை. ஒருவர் தன் இஸ்திரிப் பெட்டியையே தூக்கிவந்திருந்தார், ஆசீர்வாதம் வாங்க.

சாமி, பட்டுத்துணி சுற்றிய ஒரு குச்சியை மெஷின்மேல் வைத்தார். குச்சிக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம்.

"பாத்தீங்களா? உள்ள இருக்கிறவ கண்ணைத் தொறக்கிறா."

பிறகு வெறுங்கையால் மெஷினைத் தட்டிக்கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. "எனக்கு அடங்குவா. ஆனா இந்தப் பொண்ணு இங்க இருக்கிற வரைக்கும் வீட்டுக்கு அடங்கமாட்டா. அடுத்த வாரம் நான் வர்றதுக்குள்ள இவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்க. திரும்பக் கூப்பிடறதை அப்புறம் யோசிக்கலாம்."

மாமியார் தலையாட்டினார். மகன் தரையைப் பார்த்தான். அந்தத் தரையில் அவன் அப்படி என்னதான் தேடினானோ தெரியவில்லை. கூட்டம் சாமியிடம் ஆளுக்கொரு செப்பு வளையம் வாங்கிக்கொண்டு போனது.

அந்தப் பெண் அழவில்லை. மாலையில் வழக்கம்போல வயரிங் வகுப்புக்கு வந்தாள். தையல் கடை மாடியில் நடக்கிற வகுப்பு அது. ஒரு பலகை, ஒரு சுவிட்ச், ஒரு பல்பு. அவ்வளவுதான் பள்ளிக்கூடம். வயரிங் வேலைக்கு வருகிறவன் எவனையும் நான் நம்புவதில்லை, அதனால் நானும் சேர்ந்திருந்தேன். முடிவெட்டுகிறவர் ஒருவரும் உண்டு. டீச்சரம்மா அன்று மூன்றாவது கம்பியைக் கையில் எடுத்தார்.

"ரெண்டு கம்பியிலயே லைட்டு எரியுது. மூணாவது எதுக்குங்க, கடைக்காரன் பொழைக்கவா?" என்றேன்.

"நீங்க பொழைக்கத்தான் ஐயா. மெஷின் உடம்புல கரண்ட் கசிஞ்சா, இந்த எர்த் கம்பி வழியா மண்ணுக்குப் போயிடும். இது இல்லன்னா, வெறுங்காலோட தொடறவங்கதான் கம்பி."

திருப்புளியைக் கீழே வைத்தாள் அந்தப் பெண். "செருப்புப் போட்டிருந்தா?"

"தப்பிக்கலாம். ஆனா செருப்பை நம்பித் தொடக்கூடாது."

அவள் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டாள். மாமியாருக்கு முழங்கால் வலி, வீட்டுக்குள்ளும் செருப்பு. புருஷன் வேலைக்குப் போகும் ஷூவோடு வந்து சுவிட்சைத் தட்டுவான். ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பது அந்த வீட்டில் ஒருத்திதான்.

அடுத்த வாரம் சாமி வந்தபோது அவள் வீட்டிலேயே இருந்தாள். கட்டிவைத்த பெட்டி வாசலில் இருந்தது. வகுப்பே பின்னால் போய் நின்றது.

"சாமி, செருப்பைக் கழட்டிட்டு ஒரு தடவை தொடுங்க," என்றாள்.

அப்போதுதான் எல்லாரும் அவர் காலைப் பார்த்தோம். இரண்டு விரல் கனத்துக்கு ரப்பர்.

"என் பாதம் பட்டா பூமி தாங்காதும்மா."

"போன மாசம் என் கடைக்கு வெறுங்காலோடதானே வந்தீங்க சாமி," என்றார் முடிவெட்டுகிறவர். "கடை இன்னும் அங்கதான் இருக்கு."

கூட்டம் சிரித்தது. சாமி முறைத்தார். "என்னைச் சோதிக்கிறியா?"

"ஆமாங்க சாமி," என்றாள் அவள்.

மாமியார் கும்பிட்டார். பாவம், அவர் கேலி செய்யவில்லை. "தொட்டுக் காட்டுங்க சாமி. உங்களுக்குத்தான் அடங்குதே."

சாமி ஈரத் தரையைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். ஓர் அடி பின்னால் வைத்தார்.

கும்பிட்ட கை கீழே இறங்கியது. "நீங்களே பயப்படற எடத்துல, தெனமும் என் மருமகளையா நிக்க வச்சிருந்தேன்?"

"யாரும் தொடவேண்டாம்," என்று டீச்சரம்மா முன்னால் வந்தார். மருமகள் பையிலிருந்து கரண்ட் பார்க்கும் டெஸ்டரை எடுத்து மெஷின்மேல் வைத்தாள். அதே சிவப்பு வெளிச்சம். ஹார்டுவேர் கடையில் டப்பா டப்பாவாகக் கிடக்கும் சாமான். பட்டுத்துணி மட்டும்தான் சாமியுடையது.

பிறகு பிளக்கைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினாள். இரண்டு முள்தான் இருந்தது. மூன்றாவது இருந்த இடத்தில் ரம்பத் தழும்பு.

புருஷன் தலையைச் சொறிந்தான். "இந்த எக்ஸ்டென்ஷன் போர்டுல ரெண்டு ஓட்டைதான் இருந்துச்சு. அதான் அறுத்துட்டேன்."

ரம்பம் பிடித்தவனை விட்டுவிட்டுப் பெட்டி கட்டியது யாருக்கு, பாருங்கள்.

சுவரிலிருந்த மூன்று ஓட்டை பாயின்டில் எர்த் சரியாக இருக்கிறது என்று டீச்சரம்மா டெஸ்ட் பல்பு வைத்துப் பார்த்துச் சொன்னார். மருமகள் புது பிளக் மாட்டி, பச்சை எர்த் கம்பியைத் தடித்த முள்ளில் முறுக்கி, அதில் செருகினாள். டெஸ்டர் எரியவில்லை. அதற்குப் பிறகுதான் வெறுங்காலோடு நின்று மெஷின்மேல் கை வைத்தாள். மெஷின் சும்மா இருந்தது.

"உள்ள எங்க கசியுதுன்னு மெக்கானிக்கும் பாக்கணும் அத்தை. அது வரைக்கும் கையால துவைச்சுக்கலாம்."

மாமியார் வாசலிலிருந்த பெட்டியைத் தானே தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். முழங்கால் வலியோடு.

அதற்குள் சாமியைக் காணோம். இஸ்திரிப் பெட்டிக்காரர் என் காதோரம் வந்தார். "பெரியவரே, அந்தச் செருப்பு எந்தக் கடையில கிடைக்கும்? சக்தி அதுலதான் இருக்கும்போல."

அவரை நான் என்ன செய்ய? வயரிங்கில் முதல் பாடம், வேலையைத் தொடங்குமுன் மெயினை அணை என்பது. நம் ஆட்கள் அதைச் சரியாகத்தான் செய்கிறார்கள். என்ன, வயரைத் தொடும்போது விட்டுவிட்டு, சாமியார் வாயைத் திறந்ததும் மண்டைக்குள் இருக்கும் மெயினை அணைக்கிறார்கள்.