தெருவுக்கே முறை வைத்த லஸ்கர்

இன்டர்நெட்டும் காவிரியிலிருந்துதான் பிரிந்து வருகிறது என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே மனிதர், மன்னார்குடியில் எங்கள் தெருவில் இருந்த லஸ்கர்தான். வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் வேலையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

ஓய்வு பெற்றால் மற்றவர்கள் காசிக்குப் போவார்கள். இவர் டெலிபோன் கம்பியில் வரும் டிஎஸ்எல் ஒன்று, கேபிள் டிவிக்காரர் தரும் இன்டர்நெட் ஒன்று என இரண்டையும் வீட்டுக்குள் இழுத்து, மணிக்கொரு தரம் வேகம் அளந்தார். படம் கிடம் பார்த்தால் அளவு தப்பிவிடுமாம்.

"டிஎஸ்எல் தனி வாய்க்கால், தம்பி. பங்குக்கு ஆள் கெடையாது. ஆனா எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துல இருக்கறவன் தலைமடை, நம்ம தெரு கடைமடை. வந்து சேர்றதுக்குள்ள வத்திப் போயிடும். கேபிள் பொது வாய்க்கால். காலைல கரைபொரண்டு வரும். சாயங்காலம் ஆளாளுக்குத் தொறந்தா உனக்குச் சேறுதான்."

இதைப் புரிந்துகொள்ள நான் நான்கு வருடம் இன்ஜினீயரிங் படித்திருந்தேன். வேலைதான் இல்லை.

ஊரடங்கு சமயம். தெருக்கோடியில் இருந்த எங்கள் வீட்டிலும் கேபிள் இன்டர்நெட்தான். இரண்டு கம்பெனிகளின் வீடியோ இன்டர்வியூவில், வாயைப் பிளந்தபடி திரையில் உறைந்து போயிருந்தேன். மூன்றாவது, மாலை ஏழு மணிக்கு. தெருவே இன்டர்நெட்டில் படம் பார்க்கும் நேரம். லஸ்கரிடம் புலம்பினேன்.

"முறை வெச்சுருவோம்" என்றார். கடைமடையில் பயிர் காய்ந்தால், மேலே உள்ளவர்களை அடைக்கச் சொல்லிக் கீழே தண்ணீர் விடுவதுதான் முறை.

ஆறரைக்கு வாசல் வாசலாக விசில். "ஏழே முக்கா வரைக்கும் நெட்டு பொட்டிய அணைங்க! கடைசி வீட்டுப் புள்ள காயுது!"

"மேட்ச் ஓடுதுங்க" என்று முனகினார் எதிர்வீட்டுக்காரர்.

"மேட்ச் நாளைக்கும் போடுவான். அணைங்க!"

என் மானம் கப்பலேறியது. ஆனால் வீடியோ ஒரு விநாடிகூட நிற்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது.

லட்டோடு போனேன். அவர் மனைவிதான் சொன்னார்: "அன்னைக்கு துபாய்ல பேத்திக்கு மொத பொறந்தநாள், தம்பி. ஏழு மணிக்கு கேக் வெட்டறத வீடியோல காட்டுனாங்க. இவரு நம்ம கேபிளத்தான் மொதல்ல அணைச்சாரு. டிஎஸ்எல்ல பாத்தோம். புள்ள முகமே தெரியல, கட்டம் கட்டமா நின்னுச்சு."

"ஊரையே அடைக்கச் சொல்லிட்டு நான் தொறந்து வெச்சுக்க முடியுமா?" என்றார் லஸ்கர், லட்டைப் பிட்டபடி.

அவரைப் பைத்தியம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். சும்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.